ரத்தம் உறையாமல் போனால்



விரலில் அரிவாள் பட்டால் சற்று நேரத்தில் ரத்தம் தானாக உறைந்து நின்றுவிடுகிறது. இதற்கு வைட்டமின் 'கே' என்ற சத்து தேவை. அது கீரைகளில் உண்டு. நம் குடலில் வாழும் நல்ல கிருமிகளும் கொஞ்சம் உண்டாக்குகின்றன. நோய்க்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்து நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடும். செஃபோபெரசோன் என்ற ஊசிமருந்து, அந்தச் சத்து வேலை செய்வதையே தடுக்கக்கூடியது. பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பல நாள் சாப்பிட முடியாமல் கிடப்பவர்களுக்கும் ஈரல் கெட்டவர்களுக்கும்தான் அபூர்வமாக ரத்தம் உறையாமல் போகும்.

முக்கியமாக ஒன்று. இதய வால்வு ஆபரேஷன் ஆகி வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருக்கிறாரா? "வயித்துப்போக்குதானே, கடையில ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாம்"னு இருந்துடாதீங்க. மெட்ரோனிடசோல் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடிவிடும். ஈறில் ரத்தம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு, கறுப்பு மலம், மாதவிலக்கில் அதிகப் போக்கு இவையெல்லாம் அடையாளம். ஆம்பிளைங்க இதையெல்லாம் வாய் திறந்து சொல்லமாட்டாங்க. நீங்கதான் கேட்கணும், அம்மா. பெண்டாட்டி கூச்சப்பட்டு மறைத்தால் ஐயா கேட்கணும்.

மருந்தை நீங்களாக நிறுத்தாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்துப் பார்த்து, தேவையானால் வைட்டமின் 'கே' ஊசி போடுவார்கள். சாப்பிட்ட மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போங்க.