ஊராரை ஒரு சொல்லில் அடக்காதீர்



ஓர் இடத்து மக்களை ஒருங்கே குறிக்க நாம் வழங்கும் சொற்கள் பல. ஊரார் என்கின்றோம், ஆக்கள் என்கின்றோம், கல்முனையார், மருதமுனையார் என்றும், நாலாம் கொலனியார், ஐந்தாம் கொலனியார் என்றும் கூறுகின்றோம். இச்சொற்களுள் பலவற்றின் ஈற்றில் நிற்கும் 'ஆர்' என்னும் விகுதி, பலரைக் குறிப்பதோடு மதிப்பையும் உணர்த்துவது. மதிப்பிற்குரிய அவ்விகுதியை வைத்துக்கொண்டே ஓர் ஊரை முழுவதுமாக இழிவுபடுத்தவும் நம்மால் முடிகின்றது. இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

சோனகர் என்ற நமது பெயரையே எடுத்துக்கொள்வோம். மேற்றிசையிலிருந்து கடல் வழியே வந்தோரைப் பண்டைத் தமிழர் யவனர் என்றனர். அச்சொல்லே யோனகர், சோனகர் எனத் திரிந்து, பிற்காலத்தில் அரபு வணிகரையும் அவர்தம் வழிவந்தோரையும் குறிக்கலாயிற்று என்பர். 1505இல் இந்நாட்டை அடைந்த போர்த்துக்கீசர், தாம் வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்கு வழங்கிய 'மூர்' என்ற பெயரையே இங்குள்ளோர்க்கும் சூட்டினர். 1885இல் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சோனகர் இனத்தால் தமிழரே என்று சட்டசபையில் வாதிட்டார்கள். அதனை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அவர்கள் 1907இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். ஒரு பெயருக்குள் எத்துணை உரிமைகள் அடங்கியுள்ளன என்பதை அவ்விருவரும் நன்கு அறிந்திருந்தனர். குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் சோனகர் என எழுதப்படும்போது நாம் வருந்துவதில்லை. அதே சொல்லைக் குறுக்கி ஒருவர் ஏளனமாய் அழைத்தால் நம் உள்ளம் புண்படுகின்றது. குறை சொல்லில் இல்லை. அதனை வழங்கும் முறையில்தான் உள்ளது.

இதற்குச் சான்று நபி (ஸல்) அவர்களின் வாழ்விலேயே உண்டு. முஹாஜிர்கள், அன்ஸாரிகள் ஆகிய இரு பெயர்களும் திருக்குர்ஆனில் புகழ்ந்துரைக்கப்பட்டவை. ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்ஸாரி ஒருவரை அடித்துவிட்டார். உடனே ஒருவர் 'அன்ஸாரிகளே!' என்றும், மற்றவர் 'முஹாஜிர்களே!' என்றும் தத்தம் கூட்டத்தாரைத் துணைக்கு அழைத்தனர். அதனைச் செவியுற்ற நபியவர்கள், இது அறியாமைக் காலத்து அழைப்பு அல்லவா என்று கண்டித்து, துர்நாற்றம் வீசும் இதனை விட்டுவிடுமாறு பணித்தார்கள். கண்ணியமான பெயரும் சண்டைக்கு ஆள் திரட்டப் பயன்படும்போது நாற்றமெடுக்கும் என்பதே இதன் படிப்பினை.

ஒருவரோடு பகைத்து, அவருடைய குலம் முழுவதையும் வசைபாடுபவனை மாபெரும் அவதூறு சொல்பவர்களில் ஒருவனாக எண்ணும் நபிமொழி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதை ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடுக்கின்றது. மக்கள் பல கிளைகளாக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று அதன் 13ஆம் வசனம் உணர்த்துகின்றது.

நேயர்களே! இந்த அநீதியின் வலியை நாமே அனுபவித்தோம். 2019 ஏப்ரல் 21இல் சிலர் புரிந்த கொடுஞ்செயலுக்காக, அதனை வெறுத்த இலட்சக்கணக்கானோரும் ஒரே சொல்லின் கீழ் நிறுத்தப்பட்டனர். அதே மாதம் 26இல் சாய்ந்தமருதில் ஒளிந்திருந்தோர் மீது ஐயம் கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. ஆயினும் மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் எம்மவரின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

அவ்வாறு வருந்திய நாம் பிறர் விடயத்தில் எவ்வாறு நடந்துகொள்கின்றோம்? வாய்க்கால் நீரைத் திருப்பியவர் ஒருவர். ஏசப்படுவதோ ஒரு கொலனி முழுவதும். வாங்கிய நெல்லுக்குப் பணம் தராதவர் ஒருவர். 'அந்த ஊராரே அப்படித்தான்' என்கின்றோம். கலியாணப் பேச்சிலும் பிள்ளையின் குணத்தை விசாரிக்குமுன் ஊரின் பெயரைக் கேட்டே கதவை அடைக்கின்றோம். சவளக்கடையைச் சூழ்ந்த இப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கின்றோம். கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவினால் இரு சாராருக்கும்தான் பாதை அடைபடுகின்றது. இக்கரையோரத்தில் தாய்வழிக் குடிமுறையும் இரு சமூகத்தாரிடையேயும் உண்டு. இவர்களை ஒரே வார்த்தையில் ஒதுக்குவது எங்ஙனம் நியாயமாகும்?

ஒருவரைப் பழித்தால் அவருடைய வாசலுக்குச் சென்று மன்னிப்புக் கேட்கலாம். ஓர் ஊரைப் பழித்தவர் எத்தனை வாசல்களை மிதிப்பார்? ஆகவே, முறையிட நேர்ந்தால் செய்தவரையும் செயலையும் மட்டும் சுட்டி, உரிய இடத்தில் முறையிடுவோம். 'எல்லோரும்' என்ற சொல் நாவில் எழும்போது, அவ்வூரில் நாம் அறிந்த ஒரு நல்லவரையேனும் நினைவுகூர்வோம். சிறுவர் முன்னிலையில் இதில் மேலும் கவனமாயிருப்போம். அவர்கள் அந்த ஊரைக் காணுமுன்னரே நம் சொல்லைக் கற்றுக்கொள்கின்றனர்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பேணி, நம் ஊர்களிடையே ஒற்றுமையை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.