மின்னணு இசை கேட்கப் பழகுவோம்



மாட்டுங்காவை அடுத்த ஸ்ரீ ஷண்முகானந்த அரங்கில் கச்சேரி கேட்டவர்கள், பாடகர் வாய் திறக்குமுன்பே அங்கு ஓர் ஒலி நிறைந்திருப்பதை அறிவர். அதுவே சுருதி. முற்காலத்தில் ஒருவர் பின்னே அமர்ந்து தம்பூரா மீட்டுவார். இந்நாளில் பல மேடைகளில் கையடக்கமான ஒரு மின்னணுப் பெட்டி அப்பணியைச் செய்கிறது. அதில் குடமும் இல்லை, தந்தியும் இல்லை. ஆயினும் அதனை இயந்திர இரைச்சல் என்று நம்மில் எவரும் இகழ்வதில்லை. கண்களை மூடிக்கொண்டு அதில் ஆழ்ந்து விடுகிறோம்.

இதனை முதலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. மின்னணு இசை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்போர் நம்மவரில் பலர். நாமும் அவ்வாறே இருந்தோம். மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு நம் தொழில். இரண்டு அறைகள் கொண்டது நம் வீடு. கல்லூரியிற் பயிலும் மகன் மாலை வேளைகளில் அத்தகைய இசையைக் கேட்பான். “மிக்ஸி ஓடுவது போல இருக்கிறதே, இதற்கும் இசை என்று பெயரா?” என்று நாம் கடிந்துகொள்வோம். சில நாட்களில் அவன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டான். வீட்டில் இரைச்சல் ஓய்ந்தது, பேச்சும் ஓய்ந்தது.

பின்னர் ஒருநாள் விடியற்காலையில், அவன் தாய் சாதகத்திற்காகச் சுருதிப்பெட்டியை முடுக்கிவிட்டு வேறு வேலையாக உள்ளே சென்றிருந்தாள். நாம் அதன் எதிரே காப்பியுடன் வெகுநேரம் அமர்ந்திருந்தோம். அதைக் கண்ட மகன், “அப்பா, பாட்டே இல்லாமல் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இதைத்தான் நானும் கேட்கிறேன்” என்றான். அதற்கு நம்மிடம் விடை இல்லை. அன்று தொட்டு அவன் கேட்பவற்றை நாமும் கேட்கலானோம். அவற்றுள் நம் செவிக்கு இசைந்த சிலவற்றை நேயர்களுக்கு இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலில் நாம் வாழும் இம்மும்பை மாநகரிலேயே தொடங்குவோம். இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் என்பார், 1982ஆம் ஆண்டில் இங்கே ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்தது அது. ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் செய்த மூன்று கருவிகளே அவருடைய வாத்தியக்குழு: ஜூபிடர் 8 என்னும் சிந்தசைசர், டிஆர் 808 என்னும் தாளப்பெட்டி, டிபி 303 என்னும் மந்தரசுரப் பெட்டி. இக்கடைசிப் பெட்டிக்கு ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லும் இயல்பு உண்டு. நம் ஜாரு கமகத்தை அது நினைவூட்டும். 1987ஆம் ஆண்டில், இதே 303 பெட்டியைக் கொண்டு சிகாகோ நகரத்து இளைஞர்கள் வெளியிட்ட தட்டிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை வகை பெயர் பெற்றது. அதற்கு ஐந்தாண்டு முந்திய மும்பைத் தட்டோ, வெளிவந்தபோது விலை போகவில்லை. 2010ஆம் ஆண்டில் மறுபதிப்பான பின்னரே உலகம் அதனைக் கேட்டு வியந்தது. சரண்ஜித் சிங் 2015ஆம் ஆண்டில் இந்நகரிலேயே காலமானார்.

நம் நேயர்கள் இத்தட்டில் பூபாளி, மால்கௌன்ஸ், பைராகி ஆகிய மூன்றையும் முதலிற் கேட்பது நலம். அவை முறையே நம் மோகனம், இந்தோளம், ரேவதி ஆகியவற்றுக்கு நேரானவை. இராகம் தெரிந்த முகமாக இருப்பதால், புதிய ஒலி அச்சுறுத்தாது.

அடுத்து அகமதாபாத். அங்குள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969ஆம் ஆண்டிலேயே ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசர் ஒன்றைக் கொணர்ந்து அங்கே நிறுவினார். பக்கவாஜ் வாசிப்பில் தேர்ந்தவரும், ஜான் கேஜ் என்னும் அமெரிக்க இசைஞருக்கு நம் நாட்டு இசையைக் கற்பித்தவருமான கீதா சாராபாய் போன்றோர் அக்கூடத்தில் இசை அமைத்தனர். அந்நாடாக்கள் நெடுங்காலம் பெட்டிக்குள் உறங்கிக் கிடந்து, 2023ஆம் ஆண்டில் தொகுப்பாக வெளிவந்தன. இத்தகைய இசை அயலாரிடமிருந்து நேற்று வந்தது என்று கருதுவோர் இத்தொகுப்பைக் கேட்க வேண்டும்.

இனி இரயில் ஓசைக்கு வருவோம். மாட்டுங்காவாசிகளுக்கு அது புதிதன்று. மத்திய இரயில் பாதை ஒருபுறம், மேற்குப் பாதை மறுபுறம், கிங்ஸ் சர்க்கிள் வழியே துறைமுகப் பாதை. இவற்றிடையே வாழ்ந்தும் அவ்வோசையை இசை என்று நாம் எண்ணியதில்லை. 1948ஆம் ஆண்டில் பியேர் ஷெஃபர் என்பார் எண்ணினார். அவர் பாரிஸ் வானொலியின் பொறியாளர். இரயில் எஞ்சின்களின் ஓசையைத் தட்டுகளிற் பதிந்து, வெட்டியும் திருப்பியும் அடுக்கி, சில நிமிடங்களே ஓடும் ஓர் உருப்படியாக்கி வானொலியில் ஒலிபரப்பினார். இப்புதிய இசை ஒரு வானொலி நிலையத்தில் வேர்கொண்டது என்பதில் வானொலி நேயர்களாகிய நமக்கும் சிறிது பெருமை உண்டு. அவ்வுருப்படியைக் கேட்டபின், ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவினர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ என்னும் தட்டைக் கேளுங்கள். இரவு வண்டியில் சொந்த ஊருக்குப் பயணம் செய்தவர்கள் அந்தத் தாளத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வர்.

இதுகாறும் கூறியவற்றில் தாளமும் இயக்கமும் மிகுதி. ‘ஆம்பியன்ட்’ எனப்படும் சூழலிசை இவற்றினும் அமைதியானது. இங்கிலாந்தின் பிரயன் ஈனோ 1975ஆம் ஆண்டில் விபத்துக்குள்ளாகிப் படுக்கையில் இருந்தார். அவரைக் காண வந்த தோழி ஒருத்தி யாழிசைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அத்தட்டு ஓடியபோது ஒலியோ மிகத் தாழ்வு. எழுந்து கூட்டவோ அவருக்கு வலுவில்லை. வெளியே பெய்த மழையோடு கலந்து அவ்விசை அரைகுறையாகக் காதில் விழுந்தது. அறையின் ஒரு பகுதியாகவே இசை இருக்கலாம் என்பது அவருக்கு அப்போது புலப்பட்டது. பின்னர் வெளிவந்த ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’ என்னும் தட்டு அதன் விளைவுகளுள் ஒன்று.

அதன் அமைப்பு நமக்கு எளிதில் விளங்கும். ஏழு அட்சர மிச்ர சாபுவையும் எட்டு அட்சர ஆதி தாளத்தையும் ஒரே நேரத்தில் தொடங்கினால், இரண்டின் சமமும் 56 அட்சரங்களுக்கு ஒரு முறையே கூடும். ஈனோ அவ்வாறே நீளம் ஒவ்வாத நாடா வளையங்களில் சில சுரங்களைப் பதிந்து சுழலவிட்டார். அவை ஒவ்வொரு முறையும் வேறு விதமாகச் சந்திக்கின்றன. கூறப்படும் சுரங்கள் சிலவே, கூட்டங்களோ பலப்பல.

இறுதியாக ஒன்று. பிரான்சு நாட்டின் எலியான் ராடீக் என்னும் அம்மையார் பௌத்த நெறியைத் தழுவியவர். ஒரே ஒரு சிந்தசைசரைக் கொண்டு, மரணத்தைப் பற்றி ஒவ்வொன்றும் ஒரு மணி அளவிலான மூன்று உருப்படிகளை அமைத்தார். அப்பணி நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் தம் மகனை விபத்தில் இழந்தார். இரண்டாம் உருப்படி ‘கைலாஷா’; கயிலை மலையை வலம் வருதலை நினைந்து அமைத்தது. அதில் பண் இல்லை, தாளம் இல்லை. சுருதி போன்ற ஓர் ஒலி, கண்ணுக்குத் தெரியாமல் நிழல் நகர்வது போல மாறிக்கொண்டே செல்கிறது.

சென்ற ஆண்டு ஊரில் நம் அன்னையார் காலமானார். செய்தி வந்து வண்டி ஏறி நாம் சென்றடைவதற்குள் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தன. வெளிமாநிலத்தில் வாழும் உங்களுள் பலருக்கு அந்தப் பயணம் எத்தகையது என்று நாம் விளக்க வேண்டியதில்லை. காரியங்கள் முடிந்து மாட்டுங்காவிற்குத் திரும்பினோம். வீட்டில் பாட்டு இல்லை. சுருதிப்பெட்டியும் மூடிக் கிடந்தது. உறக்கம் வராத ஓர் இரவில் மகன் அருகில் வந்து அமர்ந்தான். “பாட்டு வேண்டாம், அப்பா. இதை மட்டும் கேளுங்கள்” என்று சொல்லி, காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, ‘கைலாஷா’வை மிகத் தாழ்வாக ஒலிக்கச் செய்தான். ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் பேசவில்லை. ஆயினும் முன்னைய மௌனம் வேறு, அந்த மௌனம் வேறு.

கேட்கும் முறை பற்றி ஒரு சொல். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் மந்தர சுரங்கள் மறைந்து போகும். சற்றுப் பெரிய ஒலிபெருக்கி நன்று. தாளமுள்ள தட்டுகளை மாலையிலும், ஈனோ, ராடீக் ஆகியோரை இரவிலோ விடியலிலோ கேளுங்கள். மின்விசிறியின் ஓசையைவிடச் சற்றே மேலாக ஒலி இருந்தாற் போதும். பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திராதீர்கள். சுருதியைக் கேட்பது போலக் கேளுங்கள்.

இயலுமாயின் தனியே கேளாதீர்கள். உங்கள் வீட்டிலும் காதுக்கருவி மாட்டிய பிள்ளை ஒன்று இருக்கலாம். அது என்ன கேட்கிறது என்று இன்று மாலை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வணக்கம்.