ஏழையின் இல்லமும் ஆராய்ச்சிக் களமே
(தெல்தெனியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சயரோகம் கண்டவர் ஓராண்டு சானடோரியத்தில் கிடக்கவேண்டும் என்றனர் அக்கால வைத்தியர். கொழுந்துக் கூடையை, வயலை, பிள்ளைகளை விட்டு அவ்வாறு கிடக்க யாரால் இயலும்?

இக்கேள்வியைத்தான் 1956இல் சென்னையில் தோன்றிய காசநோய் ஆராய்ச்சி நிலையம் எடுத்துக்கொண்டது. ஒரு சாராரைச் சானடோரியத்திலும், மறுசாராரை நெருக்கடி மிகுந்த வீடுகளிலும் வைத்து, ஒரே மருந்துகளைக் கொடுத்தது. யாருக்கு எது என்பதைக் குலுக்கலே தீர்மானித்தது, செல்வாக்கு அன்று. 1959இல் வெளிவந்த முடிவு என்ன? போஷாக்குக் குறைந்த உணவுண்டு வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர்! குடும்பத்தாருக்கும் அதனால் தொற்று மிகவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று.

சட்டம் படித்தவன் நான், சாட்சியத்துக்குத் தலைவணங்குவேன். நம் லயன் அறைகளிலும் ஆராய்ச்சி நடக்கட்டும். ஆனால் சம்மதப் பத்திரம் தமிழில் இருக்கவேண்டும். இரத்தம் கொடுத்தவனுக்கு முடிவு எழுத்தில் வந்து சேரவேண்டும். இவ்விரண்டுக்கும் உறுதி பெறாமல் கைநாட்டு வைக்காதீர்கள்.