தேயிலைக் காசில் வாங்கிய குண்டுகள்

(கம்பத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தாய்மார்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். மலைத்தோட்டக் கூலி என்றால் என்னவென்று அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பழைய மதுரை ஜில்லாவிலிருந்தும் கங்காணிகள் ஆள் பிடித்து இலங்கைத் தேயிலை மலைகளுக்குக் கொண்டுபோனார்கள். 1948-ல் அவர்களுடைய பிரஜா உரிமை பறிபோயிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே.

அந்தத் தீவில் 1983 முதல் 2009 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. சுட்ட குண்டுகள் எங்கிருந்து வந்தன, காசு யாருடையது என்பதுதான் இன்று நம் பேச்சு.

இலங்கை போர் விமானம் செய்யும் நாடல்ல. டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். டாலரோ தேயிலை விற்று வருவது. ஆடை ஆலைகளில் முதுகொடியத் தைத்த பெண்களும், அரபு நாடுகளில் வீட்டு வேலை செய்தவர்களும் சம்பாதித்துக் கொடுத்தது. 1996-ல் இஸ்ரேலின் கிஃபிர் விமானங்கள் வந்தன. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் வீழ்ந்ததும் பாகிஸ்தானிலிருந்து பல குழல் ராக்கெட் பீரங்கிகள். இஸ்ரேலை ஒரு நாடாகவே ஏற்காத பாகிஸ்தான், அதே வாடிக்கைக்காரனுக்குச் சரக்கு விற்கக் கூச்சப்படவில்லை. கடைசிக் காலத்தில் சீனத் தளவாடங்கள். டில்லியோ முதலில் போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்தது, பின்னாளில் கொழும்புக்கு ரேடார் கொடுத்தது!

2006-ஐ மட்டும் பாருங்கள். அந்த வருஷம் உக்ரைனிலிருந்து 4 பழைய மிக்-27 விமானங்கள் வாங்கினார்கள். லண்டன் விலாசம் காட்டிய ஒரு கம்பெனி நடுவில் நுழைந்தது. இந்தப் பேரத்தைச் ‘சண்டே லீடர்’ பத்திரிகை அம்பலப்படுத்தியது. அதன் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க 2009 ஜனவரி 8-ந் தேதி நடுத்தெருவில் கொல்லப்பட்டார். அதே 2006 டிசம்பரில் தோட்டத் தொழிலாளர்கள் நாள் கூலி 300 ரூபாய் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டுப்படியாகாது என்ற பாட்டு நம் ஆலை வாசலிலும் கேட்டதுதானே?

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். புலிகளுக்குச் சொந்தக் கப்பல்களே இருந்தன. காசு, லண்டனிலும் பாரிஸிலும் டொரன்டோவிலும் இரவெல்லாம் தட்டுக் கழுவிய அகதித் தமிழனுடையது. பலர் மனமுவந்து கொடுத்தார்கள். கொடுக்க மறுத்தவர்களை மிரட்டிப் பறித்ததை ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2006-ல் பதிவு செய்தது. 1983-ல் நம் ஊர்களிலும் உண்டியல் குலுங்கிற்று. நாமும் கண்ணீரோடு போட்டோம். போட்டதற்காக வருந்தவில்லை, கணக்குக் கேட்காததற்காக வருந்துகிறோம்.

1993 ஜனவரியில் கிட்டு வந்த கப்பலை இந்தியக் கடற்படை வழிமறித்தது. கப்பலோடு அவரும் மாண்டார். 1997-ல் கொழும்பு சர்க்கார் ஜிம்பாப்வேயில் காசு கொடுத்து வாங்கிய 32,000-க்கு மேற்பட்ட மோட்டார் குண்டுகள் கொழும்புக்கு வந்து சேரவே இல்லை. புலிகள் கையில் சேர்ந்தன! தேயிலைக் காசில் வாங்கிய குண்டு, கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டாளத்தில் சேர்ந்த சிங்கள விவசாயியின் மகன் தலையில் விழுந்தது. விற்றவனுக்கு நஷ்டமில்லை. 2007-ல் ஆழ்கடலில் புலிகளின் கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்கடிக்கப்பட்டன. அடுத்த ஈராண்டில் முள்ளிவாய்க்கால்.

யுத்தம் முடிந்து பத்தாண்டு கடந்த பிறகும், முகமாலை மண்ணில் பெண்கள் முழங்காலிட்டுக் கண்ணிவெடி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் யுத்தத்தில் புருஷனை இழந்தவர்கள். பாகிஸ்தானில் செய்த பி-4 வெடிகளும் அங்கே கிடைத்தன. புலிகள் தாங்களே செய்து புதைத்தவையும் கிடைத்தன. கையால், அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி எடுத்தார்கள்.