விழுந்தவரைத் தூக்க யார் போவது?
(நம் குடியிருப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் பேரேடு எழுதியவன் நான். எதைப் படித்தாலும் வரவு செலவுதான் கண்ணில் படும். சமீபத்தில் படித்த ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

1940 கோடைக்காலம். இங்கிலாந்துக்கு மேலே வானத்தில் போர். விமானங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்தன. ஆனால் பயிற்சி பெற்ற விமானிகள் கிடைக்கவில்லை. இருந்தவர்களும் பாராசூட்டில் கடலில் குதித்து, எடுக்க ஆள் வராமல் குளிரில் இறந்தார்கள். ஜெர்மானிய விமானிக்கு ரப்பர் படகு, தண்ணீரில் கரைத்து இடம் காட்டச் சாயம், தேடி வர மிதவை விமானம் எல்லாம் இருந்தன. இங்கிலாந்தின் போர் விமானிக்கு மிதவைச் சட்டை மட்டும்தான்.

வேகப் படகு அவர்களுக்குத் தெரியாததா? இல்லை. 1931இல் பிளிமத் அருகே ஒரு விமானம் கடலில் விழுந்ததை நேரில் பார்த்தவர், 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர் பெற்றவர். அப்போது விமானப்படையில் சாதாரண ஊழியர். மெதுவான படகுகள் உதவாது என்று விடாமல் சொன்னார். ஸ்காட்-பெயின் என்பவரின் படகுத் தொழிற்சாலையோடு சேர்ந்து உழைத்தார். 1935இல் இறந்தார். பிறகு 64 அடி நீளத்தில், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாயும் படகுகள் வந்தன. ஆனால் போர் வந்தபோது அவை மிகச் சிலவே.

இழப்பைப் பார்த்த பிறகுதான், 1941இல் கடல் மீட்புக்குத் தனி இயக்ககம் அமைத்தார்கள். படகு, விமானம், ரேடியோ எல்லாம் ஒரே ஏற்பாட்டில் வந்தன. போர் முடிவதற்குள் 13,000 பேருக்கு மேல் காப்பாற்றப்பட்டார்கள். முதல் வருஷம் போனவர்கள் போனவர்கள்தான்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? போன மார்ச்சில் நம் பிளாக்கில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் பத்து நிமிஷத்தில் கேட்டுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து லிஃப்ட் வரை வர இன்னொரு பத்து நிமிஷம். குறுக்கே நின்ற கார் என்னுடையது. சாவியோடு நான் கடைத்தெருவில் இருந்தேன்.

அவர் பிழைத்துவிட்டார். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அது அவருடைய ஆயுள் பலம், என் சாமர்த்தியம் இல்லை.

அந்த வழியில் மஞ்சள் கோடு போடச் சங்கத்தில் கேட்டிருக்கிறேன். கோடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு வண்டியை நிறுத்தியதும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள், ஸ்ட்ரெச்சர் போக இடம் இருக்கிறதா என்று.