காதை இழக்கும் நெடுந்தொடர்

(தாம்பரத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

தமிழ்ப் புலவர் கூடிய அவையில் தொலைக்காட்சி நெடுந்தொடரைப் பற்றிப் பேச்சா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். சுளிக்கட்டும். கால் நூற்றாண்டாகப் புலவருலகம் அதனை 'அழுகைக் கூத்து' என்று இகழ்ந்து ஒதுக்கியதேயன்றி, அஃது எவர் காதில் எந்தத் தமிழை ஊற்றுகிறது என்று ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. இன்று அக்கூத்து பெட்டியை விட்டுக் கைப்பேசிக்குள் குடிபுகுந்து கொண்டிருக்கிறது. இப்பொழுதாவது ஆராயத்தான் வேண்டும்.

இக்கூத்து பிறந்தது வானொலியில். 1930களில் அமெரிக்க நாட்டில் வழலைக்கட்டி விற்ற நிறுவனங்கள், பகற்பொழுதில் வீட்டுவேலை செய்யும் பெண்டிரைத் தம்பால் ஈர்ப்பதற்காக நாள்தோறும் தொடர்கதை நடத்தின. வழலையின் பெயரே ஆங்கிலத்தில் அதற்கு நிலைத்துவிட்டது. துவைத்துக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருப்பவளுக்குக் கண்ணுக்கு ஓய்வில்லை, காதுக்கு உண்டு. அந்தக் காதுக்காகச் செய்யப்பெற்றதே இக்கலை. சொன்னதையே மீண்டும் சொல்வதும், ஒருவர் பெயரை மற்றவர் அடிக்கடி விளிப்பதும், அதிர்ச்சிச் செய்தி வந்தால் ஒவ்வொரு முகத்திற்கும் ஓர் இடியோசை எழுப்புவதும் எள்ளி நகையாடப்பெற்றன. அடுப்படியில் நிற்பவளுக்கோ அந்த இடியோசைதான் அழைப்புமணி! இதனைக் கண்டுகொள்ளாமல் நகைத்தவர்கள் பெரும்பாலும் ஆடவர்கள்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15இல் தொடங்கியது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் தொலைக்காட்சி வந்தது. 1999இல் 'சித்தி', 2002இல் 'மெட்டி ஒலி', 2003இல் 'கோலங்கள்' என இரவுத் தொடர்கள் வேரூன்றின. நண்பகற் பொழுதையும் தொடர்கள் நிறைத்தன. அந்நாளில் சேலையூரிலோ சிட்லபாக்கத்திலோ ஒரு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பவர் உரையாடலில் ஒரு சொல்லையும் இழக்கமாட்டார். வீட்டுக்கு வீடு அதே குரல். கண்பார்வை மங்கிய கிழவிக்கும் அது கேட்டது. தரையில் தவழ்ந்த குழந்தைக்கும் கேட்டது. அது தூயதமிழ் அன்று. ஆங்கிலங் கலந்த தமிழே. ஆயினும் வீடு முழுவதும் கேட்ட தமிழ்.

2015இல் ஆட்சுடார் செயலியும், 2016இல் மலிவான இணைய இணைப்பும், 2017இல் சன் நெக்சுட் செயலியும் வந்தன. நண்பகலில் வீட்டிலிராத பெண்ணுக்கு இஃது உண்மையிலேயே ஒரு விடுதலை. கிண்டியிலும் சிறுசேரியிலும் வேலை பார்ப்பவள் பகல் தொடரை முன்பு கண்டதேயில்லை. இன்று அவள் தாம்பரம்–கடற்கரை மின்தொடர்வண்டியில் அமர்ந்தபடி காண்கிறாள். அதைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை.

ஆனால் அவள் காதில் செவிப்பொறி இருக்கிறது. இழுவையான இடத்தில் விரலால் ஒரு தட்டு. பத்து நொடி தாவிவிடுகிறது. காதுக்காக ஏற்பட்ட இடைவெளிகள் இங்கு வீண். வாரத்திற்கொரு முறை வரும் பார்வையாளர் கணக்கைக் கொண்டு கதையை வளைத்த காலமும் மாறுகிறது. எந்த நொடியில் எவர் விலகினார் என்பதைச் செயலியே குறித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 1965 முதல் பகல்தோறும் வந்துகொண்டிருந்த 'டேசு ஆவ் அவர் லைவ்சு' என்னும் தொடர், 2022 செப்டம்பரில் தொலைக்காட்சியை விட்டு 'பீக்காக்' செயலிக்கே முற்றிலும் போய்விட்டது. செயலியை இயக்கத் தெரியாத முதியோர்க்கு அத்தொடர் அன்றோடு முடிந்தது. இராசகீழ்ப்பாக்கத்துப் பாட்டியின் நிலையும் நாளை அதுதான். அவருக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து தமிழ். செயலியைத் திறந்தாலோ எதிரே நிற்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள்!

பெயர்களைப் பாருங்கள். பெட்டியில் வந்த தொடர்களுள் பல, வீட்டுக்குள் புழங்கும் சொல்லையே பெயராகக் கொண்டன. சித்தி, மெட்டி, கோலம் ஆகியவற்றுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. 2024இல் நேரே செயலிக்கென்றே எடுக்கப்பெற்று நூறு பகுதி ஓடிய மருத்துவமனைத் தொடருக்கு 'ஆர்ட் பீட்' என்று பெயர். நெஞ்சத் துடிப்பைத் தமிழில் சொன்னால் நின்றுவிடுமா? அமேசான் பிரைம் 2022இல் 'சுழல்' என்னும் அழகிய தமிழ்ப் பெயரை வைத்துவிட்டு, அதன் வாலில் ஆங்கிலத்தைத் தொங்கவிட்டது. கரணியம் எளிது. பெட்டியின் வாங்குநர் தெருவிலிருந்தார். செயலியின் வாங்குநர் உலகெங்கும் இருக்கிறார்.

திரைப்படத்திற்குத் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006இல் தமிழக அரசு அறிவித்ததும், பெயர்ப்பலகைகள் ஓரளவு மாறின. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபின் அச்சலுகை வலுவிழந்தது. செயலித் தொடர்களுக்கோ அத்தகைய ஏற்பாடு தொடக்கத்திலேயே இல்லை.

அம்மின்வண்டி நிற்கும் பல்லாவரத்தில்தான் மறைமலையடிகள் வாழ்ந்தார். 1916இல் தனித்தமிழ் முயற்சி தோன்றியதும் ஒரு வீட்டுக்குள் தந்தையும் மகளும் பேசிக்கொண்டதிலிருந்துதான் என்பர்.

செயலி நடத்துவோரிடம் கேட்க வேண்டியவை பெரியனவல்ல. திறந்தவுடன் தமிழெழுத்து வரவேண்டும். தமிழ்த் தொடருக்குத் தமிழ்ப் பெயர் வேண்டும். இவ்விரண்டையும் கேட்டு, கட்டணஞ் செலுத்தும் ஒவ்வொருவரும் எழுதலாம். வீட்டிலுள்ளோர் இன்றிரவே செய்யக்கூடியது ஒன்றுண்டு: பாட்டி அருகிலிருக்கும் பொழுது செவிப்பொறியைக் கழற்றிவிட்டுத் தொடரை ஓடவிடுங்கள்.