கடைசி இலை யாருக்கு?

(பெண்கள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "சமையலும் குடும்பமும்" என்பதாகும். இதைக் கேட்டவுடன் இங்கு வந்திருக்கும் ஆண்களில் சிலர், "இது பெண்டுகள் சமாச்சாரம், நமக்கு இங்கே என்ன வேலை?" என்று நினைக்கக்கூடும். அப்படி நினைக்கிறவர்களுக்காகவேதான் நான் முக்கியமாய்ப் பேச வந்திருக்கிறேன். ஏனென்றால், மூன்று வேளையும் சாப்பிடுகிற விஷயத்தில் மட்டும் அவர்கள் இது பெண்டுகள் சமாச்சாரம் என்று ஒதுங்கி நிற்பதில்லை.

சமையல் பெண்ணின் பிறவிக் குணமா?

"சமையல் பெண்ணுக்கு இயற்கை, ஆணுக்கு அது வராது" என்கிறார்கள். இது உண்மைதானா என்று பார்ப்போம். நல்ல சாப்பாட்டை நம்மவர்கள் என்னவென்று புகழுகிறார்கள்? நளபாகம் என்றும் பீமபாகம் என்றும்தானே? தமயந்தி பாகம் என்றாவது திரௌபதி பாகம் என்றாவது யாராவது சொல்லக் கேட்டதுண்டா? புராணக்காரர்களே சமையலில் கெட்டிக்காரர்கள் என்று இரண்டு ஆண்பிள்ளைகளைத்தான் காட்டியிருக்கிறார்கள். கோவில் மடைப்பள்ளியில் பொங்கலும் புளியோதரையும் செய்கிறவர் யார்? கல்யாணத்தில் ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவர் யார்? ஓட்டலில் தோசைக்கல்லுக்கு முன் நிற்கிறவர் யார்? அநேகமாய் எல்லாம் ஆண்களே. ஆகவே கூலியும் பெயரும் கிடைக்கிற இடத்தில் ஆணுக்குச் சமையல் நன்றாய் வருகிறது. அவ்விரண்டும் கிடைக்காத சொந்த வீட்டில்தான் அது அவனுக்கு வராமல் போகிறது.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். மாதத்தில் மூன்று நாள் "தீட்டு" என்று பெண்ணை அடுப்பங்கரைக்குள் விடாத வீடுகளில், வேறு பெண்கள் இல்லாவிட்டால், அந்த மூன்று நாளும் புருஷன்தான் சோறு வடிக்கிறான். மூன்று நாள் முடிந்த காரியம் நாலாம் நாள் ஏன் முடியாமல் போகிறது? தீட்டு என்பது ஒரு பொய். ஆணுக்குச் சமைக்க வராது என்பது மற்றொரு பொய். ஒரு பொய்யே மற்றொரு பொய்யைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

2019ல் இந்திய அரசாங்கம் எடுத்த நேரக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் அதற்குச் செலவிட்டார்கள். இந்த 97 நிமிஷமும் எல்லா ஆண்களுடையதும் அல்ல. ஆண்களில் அவ்வேலையில் கை வைத்தவர்களே 100க்கு 26 பேர்தான். பெண்களிலோ 81 பேர். அம்மியும் உரலும் போய் மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. விறகு போய் காஸ் வந்தது. எல்லாம் மாறியும் அடுப்புக்கு முன் நிற்கிற ஆள் மட்டும் மாறவில்லை.

சாப்பிடும் வரிசை

சமைப்பது ஒருபுறமிருக்க, சாப்பிடுகிற வரிசையைக் கவனியுங்கள். முதலில் புருஷன், பிறகு ஆண்பிள்ளைகள், அப்புறம் பெண்பிள்ளைகள், எல்லாரும் கைகழுவிய பிறகு சமைத்தவள். அதற்குள் குழம்பிலிருந்த காயும் கறியும் போய்ச் சாறுதான் மிஞ்சியிருக்கும். முட்டை ஒன்று குறைந்தால் குறைந்தது அவளுக்குத்தான். இதற்குக் "குடும்பப் பெண்ணின் லட்சணம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு விரதம் வேறு. புருஷன் ஆயுளுக்காகப் பெண்சாதி பட்டினி கிடக்கிறாள். பெண்சாதி ஆயுளுக்காக எந்தப் புருஷனாவது ஒரு வேளை காப்பியை விட்டதுண்டா?

இதன் பலன் என்ன? 2019-21ம் வருஷத்துத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று கண்டிருக்கிறது. அதே வயது ஆண்களில் 25 பேருக்குத்தான். நம் தமிழ்நாட்டிலும் பெண்களில் 53 பேருக்கு அது இருந்தது. இதற்குச் சாப்பாடு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. மாதவிடாயிலும் பிரசவத்திலும் பெண்ணுக்கு இரத்தம் போகிறது. குடற்புழுவும் ஒரு காரணம். ஆனால் இரத்தம் அதிகம் இழக்கிறவளுக்கே சத்துக் குறைவாய்ப் போடுவது எந்த ஊர் நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

கஷ்டம் அவளோடும் நிற்பதில்லை. குழந்தை பிறக்கும்போது தாயிடமிருந்து கொண்டு வருகிற இரும்புச் சத்து சுமார் 6 மாதத்துக்குத்தான் காணும். தாய்க்கே இல்லாவிட்டால் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? மேற்படி கணக்கெடுப்பிலேயே, 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட நம் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. பிள்ளை மெலிந்தால் "கண்பட்டுவிட்டது" என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுகிறார்கள். அந்த மிளகாய்க் காசில் ஒரு முட்டை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுத்தால் கண்ணும் படாது, காசும் வீணாகாது.

6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு, குழைத்த பருப்புச் சோறு, மசித்த கீரை, முட்டை, ஈரல் முதலியவைகளைப் பழக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். குழந்தை வயிறு சிறியது. ஆதலால் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பல தடவை ஊட்டவேண்டும். இதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். இதில் தகப்பனால் முடியாதது பால் கொடுப்பது ஒன்றே. மசிப்பதும், ஊட்டுவதும், கழுவுவதும், தூங்கவைப்பதும் ஆணுக்கு முடியாதென்று எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடப் பந்தி

நீதிக்கட்சியார் காலத்தில், 1920ல், சென்னை நகரசபைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். 1956ல் காமராசர் ஆட்சியில் அது நாடெங்கும் பரவிற்று. 1982ல் சத்துணவாயிற்று, 2022ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. அங்கே பையனும் பெண்ணும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுகிறார்கள். பையனுக்கு முழு முட்டை, பெண்ணுக்கு அரை முட்டை என்பது அங்கே கிடையாது. அதே பிள்ளைகள் சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் என்ன பார்க்கிறார்கள்? அண்ணனுக்குத் தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அம்மாள் நின்றுகொண்டு பரிமாறுகிறாள். எழுத்துப் படிக்குமுன்பே குழந்தை படிக்கிற முதல் பாடம் இதுதான். மேல் கீழ் என்பதை வீட்டில் சோற்றோடு பிசைந்து ஊட்டிவிட்டுப் பிறகு மேடையில் ஏறிச் சமத்துவம் பேசினால் அது எப்படி உடம்பில் ஒட்டும்?

ஆண் பெண் இருவருக்கும் சமமான சொத்துரிமை வேண்டுமென்று 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானம் செய்தோம். தமிழ்நாட்டில் அது சட்டமாவதற்கு 1989 வரை 60 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் நான் இப்பொழுது சொல்லும் காரியத்துக்குச் சட்டசபையும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம். இன்று ராத்திரியே செய்யலாம். சமைத்ததையெல்லாம் நடுவில் வைத்து எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். இருப்பதைச் சமமாய்ப் பங்கிடுங்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் மாத்திரம் கொஞ்சம் அதிகமாய்ப் போடுங்கள். பையனுக்கும் அரிசி களையவும் பாத்திரம் துலக்கவும் கற்றுக்கொடுங்கள். ஆண்களே! வாரத்தில் சில நாளாவது அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக் கூடினால் வானம் இடிந்து விழுந்துவிடாது.

அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, "எங்கள் வீட்டில் கடைசி இலை என்று ஒன்று இல்லை" என்று உங்களில் பத்துப் பேராவது சொல்லுவீர்களானால், அதையே இப்பேச்சுக்குப் பலனாய்க் கொள்ளுவேன்.